அவர் வானத்தைப் பார்த்தார்

"பயப்படாதீங்க" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், அது விளங்காமல் இல்லை. ஆனாலும் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவேன். என் கணவர் மண்சரிவில் போனவர். அன்றைக்கு நாங்கள் இருவரும் பயந்தது போதாது. பயந்த கொஞ்சத்தையும் பிழையாகப் பயந்தோம். அந்தப் பிழையில் என் பங்கு என்ன என்பதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்காததால் எங்கள் ஒரே மகள், தகப்பன் செத்தது தன்னால்தான் என்று மாதக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தாள். நான் எழுத வந்தது இதைத்தான். மற்றதெல்லாம் இது விளங்குவதற்காகச் சொல்வது.

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். அவருக்குக் கண்டிக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, மாற்றம் கிடைத்தபோது இரண்டு சூட்கேசோடு வந்து இறங்கினோம். எனக்கும் இங்கே ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் வேலை கிடைத்தது. மகள் இங்கேதான் பிறந்தாள். பல்லேகலவுக்கும் திகனவுக்கும் இடையில், பிரதான வீதியிலிருந்து அறுபத்திரண்டு படி மேலே ஒரு வீட்டை வாங்கினோம். மலையைச் செங்குத்தாக வெட்டி எடுத்த ஒரு துண்டு நிலம். முன்னால் சின்ன முற்றம். பின்னால் கூரையைவிட உயரமான மண்மதில். யாரும் கட்டிய மதில் அல்ல, மலையை வெட்டிய முகம்தான். அதில் எந்நேரமும் ஈரம் கசியும், பாசி படர்ந்திருக்கும்.

வீடு பார்க்க வந்த அன்றே அவருக்கு அந்த மண்மதிலைப் பிடித்துவிட்டது. வீட்டின் பின்மூலையில், மதிலுக்குள் குடைந்தாற்போல, கொங்கிறீட் தட்டுப் போட்ட ஒரு சாமான் அறை இருந்தது. அதற்கு வெளியிலிருந்துதான் நுழைய வேண்டும், கதவும் இல்லை. உள்ளே போய் நின்று மேல்தட்டைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"மூண்டு பக்கமும் மண், மேல கொங்கிறீட். இஞ்ச பாரும், நாங்கள் பங்கர் வெட்டத் தேவையில்லை" என்றார்.

நான் சிரித்தேன். ஆனால் எனக்கும் அந்த அறை பிடித்துத்தான் இருந்தது. மலைநாட்டில் பிறந்த ஒருவர் அந்த மண்ணைப் பார்த்தால், இது எப்போது கீழே வரும் என்றுதான் யோசித்திருப்பார். எங்கள் ஊரில் மண் வராது. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கும். மண்ணுக்குள் ஒளிய வேண்டுமானால் நாங்கள்தான் குனிந்து கிண்ட வேண்டும். சுண்ணாம்புக் கல்லில் அலவாங்கு பட்டுப் பொறி பறக்க, என் அப்பாவும் அண்ணன்மாரும் நாலு நாள் கிண்டிய பங்கருக்குள்தான் என் இளமையில் பாதி கழிந்தது. விமானச் சத்தம் கேட்டால் முதலில் வானத்தைப் பார்க்க வேண்டும், குண்டு போட எந்தப் பக்கம் பதிகிறது என்று. அதன் பிறகு உள்ளே. குந்தியிருந்து இரண்டு காதையும் பொத்த வேண்டும், வாயைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் செவிப்பறை வெடிக்கும் என்பார்கள். வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர்கள் பலர் செத்தார்கள். உள்ளே ஓடிய நாங்கள் மிஞ்சினோம். எங்களை ஓட வைத்தது பயம்தான், அதை நான் ஒருநாளும் இளக்காரமாகப் பேச மாட்டேன்.

அவரை நான் முதன்முதலில் கண்டதே ஒரு பங்கருக்குள்தான். யாரோ ஒருவரின் வீட்டு வளவில் வெட்டிய பங்கர், வீதியில் போனவர்கள் எல்லோரும் அதற்குள் பாய்ந்தோம். எனக்கு முன்னால் குந்தியிருந்த இளந்தாரி, வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்துத் தலையாட்டினார். சத்தம் அடங்கி வெளியே வந்ததும், "உங்கட சைக்கிளுக்கு ஒண்டும் நடக்கயில்லை" என்றார். அதுதான் அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு.

அந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் பல்லேகல மைதானத்தில் ஏதோ ஒரு போட்டியில் வென்று பட்டாசு கொளுத்தினார்கள். நான் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த நினைவு வரும்போது நான் சாமான் அறைக்குள், ஈரச் சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குந்தியிருக்கிறேன். பக்கத்தில் அவர், காதைப் பொத்தியபடி. அரிசி மூட்டைக்கும் தேங்காய்க் குவியலுக்கும் நடுவில் ஒருவரை ஒருவர் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தோம். யார் முதலில் ஓடியது என்று பிறகு வருடக்கணக்காகச் சண்டை பிடித்திருக்கிறோம்.

எங்கள் ஆட்களின் இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். கண்டியில் இருக்கும் ஊர்க்காரர் நாலுபேர் ஒரு வீட்டில் கூடினால், பேச்சு எப்படியும் அங்கே யுத்தத்தில் பார்த்ததில்தான் போய் முடியும். ஒருவர் தான் இடம்பெயர்ந்த கதையைச் சொன்னால் அடுத்தவர் அதைவிடப் பெரிய கதையை எடுப்பார். இதனால் எங்களுக்குள் சின்னப் பயங்களுக்கு இடமில்லாமல் போய்விட்டது. காய்ச்சலோ, கண்மண் தெரியாத பஸ் ஓட்டமோ, பெருமழையோ, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "அங்க பாத்ததில இது தூசு." என் கணவர் இதில் கெட்டிக்காரர். நெஞ்சு நோகிறது என்று ஒருமுறை தானே சொல்லிவிட்டு, தானே அதற்கும் இந்தப் பதிலைச் சொன்னார். நானும் குறைந்தவள் இல்லை. வகுப்பறைக்குள் பாம்பு வந்து பிள்ளைகள் கத்தியபோது, "செல்லடி, குண்டுவீச்சுக்குள்ள படிச்சனாங்கள் நாங்கள்" என்று அதட்டி உட்கார வைத்தவள். பாம்பு என் மேசைக்குக் கீழேதான் கிடந்தது.

எங்களுக்குக் கீழே, வீதியிலிருந்து இருபதாவது படியில், ஒரு முஸ்லிம் குடும்பம். தலைமுறை தலைமுறையாக அந்தச் சரிவில் இருக்கிறவர்கள். அந்த வீட்டுப் பெண்ணை அயல் முழுக்கத் தாத்தா என்றுதான் கூப்பிடும். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். அவருக்கு எல்லாவற்றுக்கும் பயம். இரண்டு நாளுக்கு மேல் மழை பெய்தால் படியேறி வந்து எங்கள் பின்மதிலைப் பார்ப்பார். ஈரம் கசியும் இடத்தில் விரலை வைத்துப் பார்ப்பார். மேலே மரங்கள் சரிந்திருக்கின்றனவா என்று கழுத்தை வளைத்துப் பார்ப்பார். "இன்ஸ்பெக்டர் வந்திட்டா" என்று என் கணவர் உள்ளே இருந்து முணுமுணுப்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன்.

முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் திகனவில் கடைகள் எரிந்த அந்தக் கிழமையில் தாத்தாவின் கணவருடைய கடையும் போனது. கடை போனதே தவிர ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் சந்தியில் பழக்கமில்லாத முகங்கள் நிற்பதைப் பார்த்துத் தாத்தாவுக்குப் பயம் பிடித்திருக்கிறது. மத்தியானச் சோற்றை அடுப்பிலேயே விட்டுவிட்டு, எல்லோரையும் இழுத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் தன் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டார். "பஸ்ஸுக்குள்ள என்னப் பாத்துச் சிரிச்சிக்கிட்டே வந்தாங்க டீச்சர். பின்னேரம் அதே வாயாலதான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னாங்க" என்று சொல்வார். தன் பயத்தைப் பற்றி அவருக்கு ஒரு துளி வெட்கமும் இருந்ததில்லை. எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

என் கணவர் போன அன்றைக்குப் புயல் மழை நாலாவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது. பாடசாலைகள் மூடியிருந்தன, பஸ் ஓடவில்லை. காலை எட்டு மணிக்கு மகள் கொழும்பிலிருந்து போன் எடுத்தாள். மழையைப் பற்றிக் கேட்டாள், பிறகு தன் பட்டச் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். ஒரு புதிய வேலைக்கு மூலப்பிரதியைக் காட்ட வேண்டுமாம். "பாக்கில பத்திரமா இருக்குப் பிள்ளை" என்றார் அவர். இடம்பெயர்ந்த காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் ஒரு பை தொங்கும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, படித்த கடதாசிகள் எல்லாம் அதற்குள். எந்த நேரமும் தூக்கிக்கொண்டு ஓடலாம். எங்கள் ஆட்களின் வீடுகளில் பாதியில் இப்போதும் அப்படி ஒரு பை இருக்கும்.

பத்து மணி போலக் குழாயைத் திறந்தேன். எங்கள் தண்ணீர் மேலே இருக்கும் ஊற்றிலிருந்து குழாயில் வருவது. பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. வாளி பாதி நிறைவதற்குள் நின்றுவிட்டது. இவ்வளவு மழைக்குள் தண்ணீர் நிற்கிறதே என்று எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அடிவயிறு குளிர்ந்தது. அந்தக் குளிர் எனக்குப் பழக்கமானதுதான், ஆனால் விமானச் சத்தம் இல்லாமல் அது வந்ததில்லை. அதனால் நான் அதை நம்பவில்லை. அவரிடம் சொல்லப் போனேன். அவர் ரேடியோவைக் கேட்டபடி நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நக்கலடிப்பார் என்று நினைத்துத் திரும்பி வந்துவிட்டேன். அப்போதே சொல்லியிருந்தால் எங்களுக்கு அரை மணித்தியாலம் இருந்தது.

சொல்ல வந்தது தாத்தாதான். குடையும் இல்லாமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தெப்பமாக நனைந்து படியேறி வந்தார். அவருடைய ஆட்கள் ஏற்கெனவே வீதிக்கு மறுபக்கம் இருக்கும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள்.

"டீச்சர், தண்ணி நிண்டுட்டா?"

"ஓம், இப்பதான்."

"அப்ப நிக்காதீங்க. உடுத்த உடுப்போட வாங்க. மேல ஊத்து அடைபட்டீக்கி. தண்ணியெல்லாம் மலைக்கி உள்ளுக்குத்தான் போகுது."

"மழை கொஞ்சம் விடட்டும், பாப்பம்" என்றார் என் கணவர். "நாங்கள் இதைவிட எவ்வளவோ பாத்தனாங்கள்."

"நீங்க பாத்தது வேற சேர்" என்றார் தாத்தா. கோபமில்லாமல்தான் சொன்னார். "அது மனிசன் செஞ்சது. இது மலை."

முற்றத்தின் ஓரத்தைக் காட்டினார். செம்பரத்தைக்குக் கீழே நிலத்தில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது, என் விரல் போகும் அகலம். முதல் நாள் அது இல்லை. நான் உள்ளே போய்ச் சால்வையை எடுத்துப் போர்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். தூசு என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

"நீர் அவவோட போம். நான் காஸை நிப்பாட்டி, கதவைப் பூட்டிக்கொண்டு வாறன்."

"இப்பவே வாங்கோ."

"வாறன் எண்டுறன் எல்லே."

அவர் வந்தார். இதைத்தான் ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். நாங்கள் பதினைந்து படி இறங்கி, படி வளையும் இடத்தில் அவருக்காக நின்றோம். கதவைப் பூட்டிவிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, முற்றத்தைக் கடந்து வந்து முதல் படியில் கால் வைத்தார். தோளில் பை. ஒரு கையில் குடை, மற்றக் கையில் சாவிக்கொத்து. எங்களுக்கும் அவருக்கும் இடையில் பதினைந்து படிதான்.

அப்போது சத்தம் வந்தது. மண்சரிவின் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு முன்பின் தெரியாது. தாழப் பதிந்து வரும் விமானத்தின் இரைச்சல் என்றுதான் என் காது எடுத்துக்கொண்டது. அவர் குடையை விலக்கி வானத்தைப் பார்த்தார். பின்னால் இருந்த மலையைப் பார்க்கவில்லை. நானும் வானத்தைத்தான் பார்த்தேன். அங்கே மழையைத் தவிர ஒன்றுமில்லை.

நான் கத்தினேன். "உள்ளுக்கு ஓடுங்கோ! உள்ளுக்கு ஓடுங்கோ!"

இரண்டு தரம் கத்தினேன். யோசித்துக் கத்தவில்லை. இத்தனை வருடம் வாய்க்குள் கிடந்தது வெளியே வந்தது. அவர் தானாகவே திரும்பினாரா, என் குரலைக் கேட்டுத் திரும்பினாரா என்று எனக்குத் தெரியாது. ஆயிரம் தரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன், இன்னும் தெரியாது. குடையை எறிந்துவிட்டு, அறுபதை நெருங்கிய மனிதர், இளந்தாரி போல முற்றத்தைக் கடந்து அந்தச் சாமான் அறைக்குள் ஓடினார். தாத்தா என் கையைப் பிடித்து இழுத்தார். கீழ்ப்பக்கமாக அல்ல, குறுக்காக, பலா மரங்கள் நிற்கும் பக்கம். விழுந்து எழும்பித் திரும்பிப் பார்த்தபோது எங்கள் வீட்டையும் காணவில்லை, தாத்தாவின் வீட்டையும் காணவில்லை.

மறுநாள் பின்னேரம்தான் அவரை எடுத்தார்கள். அதுவரை வீதியோரத்தில், பள்ளிவாசலில் தந்த கம்பளியைப் போர்த்துக்கொண்டு நின்றேன். கொங்கிறீட் தட்டு உடையவில்லை என்று மேலிருந்து யாரோ சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நாங்கள் அப்படித்தான் பழகியவர்கள், தட்டு உடையாவிட்டால் உள்ளே இருப்பவர் பிழைப்பார். ஆனால் மண் திறந்த பக்கத்தால் போய் அறையை நிரப்பியிருந்தது. குந்தியபடி இருந்தார். தோளில் பை, கை இரண்டும் தலைப்பக்கம், திறந்த வாய்க்குள் மண். பாவம், பையைக் காப்பாற்றக் குனிந்திருக்கிறார் என்று எடுத்தவர்களில் ஒருவர் சிங்களத்தில் சொன்னார். அந்தக் கைகள் எதைப் பொத்தியிருந்தன என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

கதை அந்த இடத்திலேயே உருவாகிவிட்டது. கீழே வந்துகொண்டிருந்தவர், பிள்ளையின் சான்றிதழ் நினைவு வந்து பையை எடுக்கத் திரும்பி ஓடினாராம். கிராம சேவகர் வந்து அப்படித்தானா என்று கேட்டபோது நான் தலையாட்டினேன். செத்தவீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள், பிள்ளையின் படிப்புக்காக உயிரைக் கொடுத்த தகப்பன் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். மகள் என் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் அழவில்லை. நான் அவளுடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். யாராவது என்னைக் கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று மற்றவர்களின் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்சரிவில் தப்பியவர்களை ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். அங்கே ஒரு இளம்பெண் வந்து எங்களை வட்டமாக இருத்தி, மூச்சை இழுத்து விடச் சொன்னார். "பயம்தான் நம்ம எதிரி. அத நாம தோற்கடிக்கணும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் எழுந்தே விட்டேன். "தோற்கடிச்ச ஒராளை நேற்றுத்தான் எரிச்சிட்டு வந்தனான்" என்றேன். அந்தப் பிள்ளை அழுதுவிட்டது. பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன், என்றாலும் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

அந்த மண்டபத்தில் பாயில் கிடந்து நான் யோசித்ததெல்லாம் இதைப் பற்றித்தான். பயம் எங்கள் எதிரியாக இருந்ததில்லை. எங்களை உயிரோடு வளர்த்து ஆளாக்கியதே அது. ஆனால் அது ஒரு வீட்டுக் காவல் நாய் மாதிரி. பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குக் கொண்டுவந்தோம், இங்கே கள்ளன் எந்தப் பக்கத்தால் வருவான் என்று அதற்குக் காட்டவே இல்லை. குழாய் நின்றபோது அடிவயிறு குளிர்ந்ததே, அது சரியான பயம். அதைத் தூசு என்று ஊதிவிட்டேன். சத்தம் கேட்டபோது வந்தது ஊர்ப் பயம். அதன் பேச்சைக் கேட்டுக் கத்தினேன். தாத்தாவின் பயம் இந்த மண்ணிலேயே பிறந்தது. அதை அவர் மழைக்கு மழை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார், நாங்கள் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

பாடசாலை தொடங்கியதும் நான் வேறு ஆளாகப் போனேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, ஸ்கூல் வானின் பின்சீட்டில் இருக்கப் பயமாக இருக்கிறது என்று சிநேகிதியிடம் சொல்வது காதில் விழுந்தது. முன்பென்றால் ஒரு அதட்டல் போட்டிருப்பேன். இப்போது கணக்கை நிறுத்திவிட்டு, ஏன் என்று கேட்டேன். தெரியவில்லை மிஸ், சும்மா பயம் என்றது. பாடசாலை விட்டதும் போய்ப் பார்த்தேன். பின்கதவின் பூட்டுக் கழன்று, கயிற்றால் கட்டியிருந்தார்கள். சாரதியோடு வீதியில் நின்று சண்டை பிடித்தேன். இப்படி ஊர்ப்பிள்ளைகளின் பயத்துக்கெல்லாம் காது கொடுத்த நான், என் சொந்தப் பிள்ளையின் விஷயத்தில் செய்தது வேறு.

கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கிட்ட, இரண்டு அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். தாத்தாவின் குடும்பமும் அதே ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குத்தான் வந்திருந்தது. மகள் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பஸ் ஏறி வருவாள். வந்தால் சரியாகச் சாப்பிட மாட்டாள். எலும்பும் தோலுமாகிக்கொண்டு வந்தாள். சான்றிதழ் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததால் தப்பியிருந்தது, ஓரத்தில் மட்டும் மண்கறை. அலுமாரியில் வைத்திருக்கிறேன், எடு என்றேன். அவள் அந்த அலுமாரியைத் திறக்கவே இல்லை. அந்தப் புதிய வேலையும் வேண்டாம் என்று எழுதிவிட்டாள். ஒரு சனிக்கிழமை, வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அண்டைக்குக் காலம நான் போன் எடுக்காம இருந்திருந்தா, அப்பா வந்திருப்பார் என்ன?"

"அப்பிடியெல்லாம் நினைக்காதை பிள்ளை."

என்னால் முடிந்தது அவ்வளவுதான். உண்மை தொண்டை வரை வந்தது. சொன்னால் இவளும் போய்விடுவாள், அம்மாதான் அப்பாவைச் சாகக் கொடுத்தது என்று கதவைச் சாத்திவிட்டுப் போவாள், எனக்கென்று மிச்சம் ஒருவரும் இல்லை. அதுதான் என் பயம். பயம் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று புதிதாகப் படித்தவள் இல்லையா நான், இந்தப் பயம் சொன்னதையும் கேட்டு வாயை மூடிக்கொண்டேன். அவள் மறுபடியும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, அவள் வேலைத்தலத்தில் மயங்கி விழுந்ததாக அவளுடைய சிநேகிதி எனக்குப் போன் எடுத்தாள்.

அந்தச் செய்தியோடு தாத்தாவிடம் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், நான் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

"புள்ளக்கிச் செல்லிடுங்க டீச்சர்" என்றார்.

"எதை?"

சுளகைக் கீழே வைத்தார். "நான் ஒங்கட பக்கத்துலதானே நிண்டேன். எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

அவருக்குக் கேட்டிருக்கும் என்ற நினைப்பே எனக்கு இத்தனை மாதமும் வரவில்லை. அந்த இரைச்சலுக்குள் என் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நம்பியிருந்தேன்.

"ஏன் நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லயில்லை?"

"அது அமானிதம் மாதிரி. ஒங்கட சாமான் என்ட கையில ஈக்கிது. அத நான் எப்பிடி எடுத்து இன்னொராளுக்குக் குடுக்கிற?"

"சொன்னா அவளும் போயிடுவாள் தாத்தா. எனக்குப் பயமாக் கிடக்கு."

பயம் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து நிற்கிற தாத்தா, இந்த முறை அசையவில்லை. "எனக்குப் பயம் வந்தா நான் புள்ளயளத் தூக்கிட்டு ஓடுவேன்" என்றார். "நீங்க புள்ளய உட்டுட்டு ஓடுறீங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. போட்டுவைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். வீட்டுக்குப் போகாமல் பாலம் வரை நடந்து, மகாவலி கலங்கி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்கள் போகும்போதெல்லாம் கைப்பிடி அதிர்ந்தது. அவர் சொன்னதில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியுமா என்று யோசித்தேன். கிடைக்கவில்லை. இந்தப் பயம் என்னை மட்டும்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மகள் வந்தாள். மறுநாள் காலை, தேத்தண்ணியை அவள் முன்னால் வைத்துவிட்டு, எதிர்க் கதிரையில் இருந்து சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அப்பா வந்துகொண்டிருந்தவர், முதல் படியில் கால் வைத்தவர், பை அப்போதே தோளில் இருந்தது, சான்றிதழுக்காக அவர் திரும்பவில்லை, உள்ளுக்கு ஓடுங்கோ என்று கத்தியது நான். அவர் ஏன் குந்தியிருந்தார், கைகள் ஏன் அங்கே இருந்தன, வாய் ஏன் திறந்திருந்தது என்பதையும் சொன்னேன். அவள் இங்கே பிறந்து வளர்ந்தவள். பங்கர் என்பது அவளுக்கு நாங்கள் நக்கலாகச் சொல்லும் கதைகளில் வரும் ஒரு சொல், அவ்வளவுதான். உள்ளே இருட்டாக இருக்குமா என்று கேட்டாள். ஓம் என்றேன். எத்தனை பேர் இருப்பீர்கள் என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

தேத்தண்ணி ஆடை கட்டிவிட்டது. எழுந்து போகப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளுடைய பை எங்கே இருக்கிறது என்று என் கண் தேடியது.

"அம்மா" என்றாள். "அண்டைக்கு அப்பாவுக்குப் பதிலா நான் அந்தப் படியில நிண்டிருந்தா, என்னையும் உள்ளுக்கு ஓடச் சொல்லியிருப்பீங்களா?"

இல்லை என்று சொல்வது சுகமாக இருந்திருக்கும்.

"ஓம்" என்றேன். "உனக்குச் சொல்லிக்கொண்டு நிண்டிருக்க மாட்டன். நானே இழுத்துக்கொண்டு ஓடியிருப்பன்."

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்க அழத் தொடங்கினாள். தகப்பன் செத்து அவள் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.